கினிப் பன்றிக்குப் படுக்கை தைக்கிறவள்

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு அளவு தப்பினால்தான் திட்டு விழும். கினிப் பன்றிக்குப் படுக்கை தைக்கிறவளுக்கு அளவு சரியாக இருந்தாலும் ஈரம் தப்பினால் திட்டு விழும்.

புதுக்கோட்டையில் ஒரு சந்துக்குள் எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின். ஓவர்லாக்கில் உட்கார்ந்து ஓரம் அடிப்பவர் ரஹ்மத் அக்கா. பதினைந்து வருஷம் ஜாக்கெட்டும் சுடிதாரும்தான் தைத்தோம். இப்போது பாதி நாள் கினிப் பன்றிகளுக்குத்தான் தைக்கிறோம். பேர்தான் பன்றி. பார்த்தால் வாலில்லாத பெரிய எலி மாதிரி, உரித்த தேங்காய் அளவுக்கு, புசுபுசுவென்று இருக்கும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் இந்த ஜீவன் ஒன்று இருந்தால், காலையில் எழுந்ததும் முதலில் கையை எங்கே வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கூண்டு மூலையில், துணிமேல், நனைந்திருக்கிறதா என்று. பிறகு அந்தக் கையை மோந்து பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான். வெட்கப்பட வேண்டியதில்லை. நம் கூட்டம் சின்னதுதான், ஆனால் நிம்மதி இல்லாத கூட்டம்.

தும்மல்

பக்கத்துக் கடை சேகர் அண்ணனுடையது. மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ், முயல் என்று வைத்திருந்தவர், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று கினிப் பன்றியும் வாங்கி வைத்தார். கூண்டில் மர அறுவை மில்லில் இருந்து வந்த தூளைக் கொட்டி வைத்திருந்தார். இரண்டு வாரத்தில் நாலு குட்டியும் தும்ம ஆரம்பித்துவிட்டன. மெஷின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்கும். மனுசத் தும்மல் மாதிரி இருக்காது. ஊசி குத்தின மாதிரி சின்னதாக, விடாமல் வரும். ஒரு குட்டி செத்தும் போனது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் போனார். சேகர் அண்ணன் தூளை அள்ளிவிட்டுச் செய்தித்தாள் விரித்தார். மையெல்லாம் வெள்ளைக் குட்டியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் என்னிடம் வந்தார். நான் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, ஓரம் தைத்துக் கொடுத்தேன். பருத்தி நன்றாக உறிஞ்சும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். உறிஞ்சியது. உறிஞ்சியதை அப்படியே மேலேயே வைத்துக்கொண்டது. மூன்று நாள் ஈரத்தில் நின்று குட்டிகளின் உள்ளங்கால் சிவந்துவிட்டது. ஆக, மேலே இருக்கிற துணி குடிக்கக் கூடாது, கீழே விட வேண்டும். கீழே இருக்கிற துணி குடித்துவிட்டுத் திருப்பித் தரக் கூடாது. இது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. சேகர் அண்ணனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் சொன்னார்: "ஜாக்கெட்டுக்கு லைனிங் குடுக்கிறல்லம்மா, அது மாதிரி இதுக்கும் ஒண்ணு குடுத்துரு. இதுல என்ன இருக்கு?"

போர்வைக்குக் குளியல்

மேல் துணிக்கு எல்லாரும் சொன்னது ஃப்ளீஸ். மார்கழியில் போர்த்திக்கொள்கிற மெத்தென்ற போர்வைத் துணிதான். ஓரம் பிரியாது, நூல் வராது, குட்டியின் விரலில் எதுவும் சுற்றிக்கொள்ளாது. ஒரு போர்வை வாங்கி வெட்டித் தைத்து, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது. துணியைச் சாய்த்தால் உருண்டு மூலைக்கு ஓடியது. துணி மட்டம் என்று வேறு வாங்கினேன். அதிலும் நின்றது. இன்னொன்று வாங்கினேன். அதிலும்.

அதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் மெத்தையில் கிடக்கிற போர்வையைக் கிள்ளிப் பார்ப்பேன். பஸ்ஸில் முன் சீட்டு அம்மா மடியில் வைத்திருந்த குழந்தைத் துணியைத் தொட்டுப் பார்க்க, அந்த அம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடைசியில் திருச்சிக்குப் போய் ஒரு பெரிய ஜவுளிக் கடையில், விற்பனை செய்கிற தம்பி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கைப்பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ரோஸ் நிறப் போர்வைமேல் கொஞ்சம் ஊற்றினேன். கொஞ்சம்தான். அது உருண்டு ஓடி, கீழே அடுக்கியிருந்த பட்டுப் பாவாடைகள் பக்கம் போய்விட்டது. அந்தத் தம்பி சத்தம் போடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, துணியைத் தொட்டுப் பாக்கலாம், விரிச்சுப் பாக்கலாம். குளிப்பாட்டிப் பாக்கிறது எங்க கடையில கிடையாதுக்கா."

கஞ்சி

விடையைக் கண்டுபிடித்தது ரஹ்மத் அக்கா. அவர் வீட்டில் வருஷக் கணக்காகப் புழங்கிய பழைய ஃப்ளீஸ் போர்வையில் அவருடைய பேத்தி பாலைக் கொட்டிவிட்டாள். பால் நிற்கவில்லை, சட்டென்று உள்ளே இறங்கிப்போனது. மறுநாள் அந்தப் போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். புதுத் துணியில் மில்லில் ஏதோ பூசி அனுப்புகிறார்கள், அது போகிற வரைக்கும் தண்ணீர் இறங்காது. வெந்நீரில் மூன்று நாலு தடவை அலசினால் போதும். வாசனை லிக்விட் மட்டும் போடக் கூடாது, போட்டால் மறுபடியும் பூசின மாதிரி ஆகிவிடும்.

வீட்டு வாஷிங் மெஷினில் போட்டேன். சேகர் அண்ணன் கடையில் ஏற்கெனவே விரித்த துணிகளும் அதில் கலந்திருந்தன. முடியும் வைக்கோலும் போய் அடைத்து மெஷின் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் அதோடு சேர்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையில் வைக்கோலோடு ஆபீஸ் போய், மாடு வாங்கியிருக்கிறீர்களா என்று நாலு பேர் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தார். வேறு வழியில்லாமல் பன்னிரண்டு விரிப்பைத் தெருமுனைச் சலவைக் கடை முருகையாவிடம் கொடுத்தேன். "நாலு தண்ணி அலசணும் முருகையா, வெந்நித் தண்ணி" என்று மட்டும் சொன்னேன். இந்த அம்மா இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறாரே, ஏதோ விசேஷத் துணி போலிருக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பன்னிரண்டையும் அப்பளம் மாதிரி அடுக்கிக்கொண்டு வந்தார். கெட்டிக் கஞ்சி, அதற்கு மேல் மல்லிகைப்பூ வாசனை, அதற்கும் மேல் கரிப் பெட்டி போட்டுத் தேய்த்திருந்தார். பெட்டி பட்ட இடமெல்லாம் ஃப்ளீஸ் உருகிக் கண்ணாடித் தாள் மாதிரி பளபளத்தது. சேகர் அண்ணன் ஒன்றை வாங்கிக் கூண்டில் போட்டார். குட்டிகள் அதில் சறுக்கிச் சறுக்கிப் போய், நின்ற இடத்தில் கஞ்சியை நக்க ஆரம்பித்தன. முருகையா முகம் வாடிப்போய் நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் சொன்னார்: "கஞ்சியும் வேணாம், தேய்க்கவும் வேணாம்னா, நான் பாத்த வேலைன்னு அதுல என்னம்மா இருக்கும்?"

தேங்காய்ப்பூத் துண்டு

மேல் துணி முடிந்தது. அடுத்தது குடிக்கிற துணி. சாக்கு வைத்தேன், நாற்றம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு விரிக்கிற பேட் ஒன்றை வைத்தேன். ஒரு குட்டி ஓரத்தைக் கடித்து உள்ளே இருந்த பிளாஸ்டிக்கை மெல்ல, நான் அதன் வாயைத் திறந்து எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் தேங்காய்ப்பூத் துண்டு. குளித்துவிட்டுத் துவட்டுகிற, பூப்பூவாய் நூல் நிற்கிற துண்டு. ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தது. அதன் அழகில் மயங்கி, அந்த மாதம் தைத்த விரிப்புகளில் பலதுக்கு ஒரு பக்கம் ஃப்ளீஸ், மறுபக்கம் துண்டு என்று விட்டுவிட்டேன். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போடலாம் என்று பெருமையாகச் சொல்லியும் கொடுத்தேன்.

குளத்தூரில் பழனியப்பன் என்று ஒருவர், ரிட்டயர்டு கண்டக்டர். பேத்தி ஹாஸ்டலுக்குப் போகும்போது இரண்டு கினிப் பன்றிகளை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அவர் துண்டுப் பக்கம் மேலே வருகிற மாதிரி விரித்துவிட்டார். ஒன்றின் நகம் நூல் வளையத்தில் மாட்டிக்கொண்டது. அது இழுத்திருக்கிறது. நகம் வேரோடு வந்துவிட்டது. காலை பதினோரு மணிக்கு மஞ்சப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். பைக்குள் கைக்குட்டையில் சுற்றி அது இருந்தது. கைக்குட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. நான் கத்தரியைக்கூடக் கீழே வைக்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். மருந்து போட்டார்கள், நகம் திரும்பி வளர்ந்துவிடும் என்றார்கள். வளரவும் செய்தது.

அன்று மீதிப் பொழுது முழுக்க நானும் ரஹ்மத் அக்காவும் அந்த மாதம் வாங்கிப்போன ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டு, துண்டுப் பக்கத்தை மேலே போடாதீர்கள், கொண்டுவந்து கொடுங்கள் என்று சொன்னோம். இரண்டு பேர் எடுக்கவில்லை. அந்த இரண்டு பேரின் வீட்டைத் தேடி ஸ்கூட்டியில் போனேன். அதிலிருந்து மேலேயும் ஃப்ளீஸ், கீழேயும் ஃப்ளீஸ், துண்டு நடுவில்தான். பழனியப்பன் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கேரட் வேணும்னா தெருவே கேக்குற மாதிரி கத்தும்மா. நகம் பிடுங்கினப்ப மட்டும் சத்தமே போடல. அதான் எனக்குத் தாங்க முடியல."

விராலிமலைப் பாப்பா

இது ஆரம்பித்தது நான் கடையில் இல்லாத நேரம். விராலிமலைப் பக்கத்தில் இருந்து ஜாக்கெட் கொடுக்க வந்த ஒரு அம்மா, மேசைமேல் கிடந்த மூன்றடுக்கு விரிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேரனுக்கு ஆகும் என்று இரண்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாதது மட்டுமில்லை, ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அதுவரைக்கும் ஈரம் பட்டால் எழுந்து அழுத பிள்ளை விடிகிற வரைக்கும் தூங்கியிருக்கிறது. இன்னும் நாலு வேண்டும் என்று அந்த அம்மா மறுபடி வந்தபோது சேகர் அண்ணன் வாய் சும்மா இருக்காமல், அது எதற்குத் தைத்தது என்று சொல்லிவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக எழுந்து நின்றேன். அந்த அம்மா சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாலையும் மடிச்சு ஜவுளிக் கடைப் பையில போட்டுக் குடுங்க. எம் மருமவ கேட்டா திருச்சியில வாங்குனதுன்னு சொல்லிக்கிறேன்."

அரக்கு

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

இலுப்பூரில் ஒரு டீச்சர். பத்து வயசில் ஒரு மகள். அவள் கினிப் பன்றிக்குப் பட்டாணி என்று பேர். டீச்சருக்கு வேலைக்கும் போக வேண்டும், சமைக்கவும் வேண்டும், கூண்டும் துடைக்க வேண்டும். அதனால் அழுக்குத் தெரியாத நிறத்தில் கொடுங்கள் என்று கேட்டார். அரக்கு நிறத்தில் மேல் துணி போட்டு, உள்ளே வைக்கிற துண்டும் அதே நிறத்தில் கிடைத்ததால் அதையே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அழகாக இருந்தது. மேசையில் விரித்து ஃபோட்டோ கூட எடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து டீச்சர் ஃபோன் பண்ணினார். துவைக்கிற தண்ணீர் சிவப்பாக வருகிறது என்றார். நான் ஓரம் அடித்துக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, "உள்ள இருக்க துண்டுல சாயம் போகும் டீச்சர், ரெண்டு தண்ணியில சரியாயிரும்" என்றேன். சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். அது சாயம் இல்லை. பட்டாணிக்கு மூத்திரப் பையில் கல். ரத்தமாகப் போயிருக்கிறது. அரக்குத் துணியில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மூத்திரம் போகும்போது அது முனக ஆரம்பித்த பிறகுதான் தஞ்சாவூர் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். நாள் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம். பட்டாணி பிழைக்கவில்லை.

டீச்சர் அந்த விரிப்பைத் துவைத்து, மடித்து, பையில் வைத்துக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க என்று இல்லை. வீட்டில் வைத்திருக்க மகள் விடவில்லை. நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ரஹ்மத் அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். டீச்சர் குரல் உயரவே இல்லை, வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்: "அழுக்குத் தெரியாத கலர் நான்தான் கேட்டேன், சரி. தண்ணி செவப்பா வருதுன்னு ஃபோன்ல சொன்னேன்ல, அப்ப ஒரு நிமிஷம் மெஷினை நிப்பாட்டிட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

ஜெகதாப்பட்டினம்

அதன் பிறகு வெளிர் நிறம் மட்டும்தான். சந்தன நிறம், வெளிர் நீலம், வெள்ளை. அழுக்குத் தெரிகிறதே என்று சொல்கிறவர்களிடம், தெரியட்டும் என்று சொல்லிவிடுவேன். ஃபோன் வந்தால் மெஷினை நிறுத்திவிடுவேன்.

ஒருநாள் மத்தியானம் ஜமீலா வந்தார். ஜெகதாப்பட்டினத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி, மடியில் ஒரு மீன் ட்ரேயை வைத்துக்கொண்டு வந்திருந்தார். ட்ரேயில் ஈரச் சாக்கு. சாக்கின்மேல் ஒரு கினிப் பன்றி முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தது. புரட்டிப் பார்த்தேன். உள்ளங்கால் இரண்டும் புண்ணாகி, நடுவில் கறுப்பாகப் பொருக்கு. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"தெரியலக்கா. நான் அந்த எலியத் தொடவே மாட்டேன். அவுகதான் பாப்பாக. மகளுக்குன்னு இந்தப் பக்கத்துக் கடையிலதான் வாங்கிட்டு வந்தாக. அதுக்கு அடுத்த வாரம் கடலுக்குப் போனவுகளப் படகோட இலங்கை நேவிக்காரவுக பிடிச்சுட்டுப் போயிட்டாக. ஒன்றரை மாசம் ஆச்சு."

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார். "மனு எல்லாம் குடுத்தாச்சு. வந்துருவாக, வந்துருவாகன்னு எல்லாரும் சொல்றாக. அவுக வாரதுக்குள்ள இது செத்துப்போச்சுன்னா எம் மக சமீரா வேற மாதிரி நினைச்சுக்கிருவா. அதுக்காகத்தான் வந்தேன்."

காலுக்கு மாட்டாஸ்பத்திரியில் களிம்பு வாங்கிக் கொடுத்து, வெள்ளையில் மூன்று விரிப்புத் தைத்துக் கொடுத்து அனுப்பினேன். நாலாம் நாள் ஃபோன். துணி காயவே இல்லை. கடல் காற்றில் துவைத்துப் போட்ட துணி இரண்டு நாள் ஆனாலும் பிசுபிசுவென்று இருக்கிறது, ஈரத்தையே மறுபடி விரிக்கிறோம் என்றார். மறுநாள் நானே கிளம்பிப் போனேன். போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது, தப்பு என்னுடையது. மூன்று அடுக்கையும் சேர்த்துச் சுற்றி அடித்துவிட்டதால் நடுவில் இருக்கிற துண்டுக்குக் காற்றே போகவில்லை. புதுக்கோட்டை வெயிலுக்கு அது காயும். கடற்கரைக்குக் காயாது.

அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தே தையலைப் பிரித்தேன். ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுத் தலையணை உறை மாதிரி ஆக்கினேன். துண்டைத் தனியே உருவி, துவைத்து, தனியே காயப்போடலாம். பெரிய துண்டை இரண்டாக வெட்டினேன். இருந்தாலும் காயப்போட இடம்? பக்கத்தில் ஐஸ் பிளான்ட். அங்கே வேலை பார்க்கிற ஒருவர் நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மெஷின் ரூமில் எப்போதும் சூடாகத்தான் இருக்கும், ஓரமாக ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள் என்றார். இப்படித்தான் ஐஸ் செய்கிற இடத்தில் கினிப் பன்றித் துணி காய ஆரம்பித்தது. ஏழாம் வகுப்பு படிக்கிற சமீராவிடம், தினமும் காலையில் இரண்டு உள்ளங்காலையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அனுப்பினாள். ஒருநாள் தவறாமல் அனுப்பினாள். அந்த ஃபோட்டோ வருகிற வரைக்கும் எனக்குக் கத்தரி பிடிக்க வராது. பொருக்கு சின்னதானது, உதிர்ந்தது, கீழே இளஞ்சிவப்பாகத் தோல் வந்தது. ரோமத்தில் பளபளப்பு வந்தது. கடலில் பிடிபட்ட அவள் அத்தாவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை. காலைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டோம். பிறகு ஒருநாள் ஃபோட்டோ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஃபோன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு சுடிதாருக்கு முன்பக்கக் கழுத்தையும் பின்பக்கக் கழுத்தையும் மாற்றி வெட்டிவிட்டேன். ரஹ்மத் அக்கா என் கையில் இருந்து கத்தரியை வாங்கித் தன் மெஷினுக்குக் கீழே வைத்துக்கொண்டார். பஸ் ஏறிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை செருப்பைப் போட்டேன், கழற்றினேன். போய் என்னத்தைப் பார்ப்பேனோ என்று பயம்.

நாலாம் நாள் காலை ஃபோட்டோ வந்தது. வழக்கம்போல இரண்டு உள்ளங்கால், சுத்தமாக. ஆனால் குட்டியைப் பிடித்திருந்த கை சமீராவின் கை இல்லை. பெரிய கை, உப்பில் வெடித்த விரல்கள், மணிக்கட்டு மெலிந்து கிடந்தது. நான் ஃபோனை ரஹ்மத் அக்காவிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கத்தரியைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மாதமே மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். வீட்டுக்காரர் விடுதலையாகி வந்ததிலிருந்து ஊரே வீட்டில் கூடியிருந்ததில் ஃபோனை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை என்று ஜமீலா சொன்னார். அவர் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மேசைமேல் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், ஒரு உறைக்குள் கையை விட்டுத் துண்டை உருவிப் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். டீ வாங்கிவரச் சொன்னேன், வேண்டாம் என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, யாரையும் குறை சொல்கிற மாதிரி இல்லாமல், மெதுவாகச் சொன்னார்: "தெனமும் கால் எப்படியிருக்குன்னு கேப்பீங்களாம், மக சொன்னுச்சு. அங்க நாங்களும் வீட்ல எப்படியிருக்காகன்னு தெனமும்தான் கேட்டோம்க்கா. எங்களுக்குத்தான் யாரும் போட்டோ அனுப்பல."

ஆக, இத்தனை நாளில் நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், எப்பேர்ப்பட்ட முரட்டுத் துணியும் நாலு தண்ணி அலசினால் வழிக்கு வந்துவிடும், அதைத் தைக்கிறவளைத்தான் எத்தனை தண்ணி அலசினாலும் ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார வைக்க முடியாது.